இரட்டை நட்சத்திரக் கணக்கும் மாரிமுத்து வரப்பும்

ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்கள் எந்தத் தேதியில் எங்கே நிற்கும் என்று மென்பொருள் எழுதிக் கணக்கிடுவது என் வேலை. அதில் நட்சத்திரங்களால் எனக்கு இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. செய்கிற வேலையைச் சொந்த ஊரில் விளக்க முயன்று தோற்ற அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

கோணமும் இடைவெளியும்

வெளிநாட்டிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்குத் திரும்பிய வருஷம் ஒரு ஜோடியின் பாதையைப் புதிதாகக் கணக்குப் போட்டேன். பழைய பட்டியல் சொல்லும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஜோடியில் சின்னதான துணை நட்சத்திரம் நிற்கவேண்டும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்க அந்த மாசிதான் கடைசி. பிறகு இரண்டும் நெருங்கி என் தொலைநோக்கிக்கு ஒரே புள்ளியாகிவிடும். மறுபடி விலகும்போது நான் இருக்கமாட்டேன்.

என் மாடியைச் சுற்றித் தெருவிளக்கு. ஊருக்கு வெளியே வயல் வைத்திருக்கும் மாரிமுத்து அண்ணனிடம் அவர் வரப்பில் நிற்க அனுமதி கேட்டேன். கோணம் இவ்வளவு, இடைவெளி இவ்வளவு என்று அச்சடித்த தாளை உன்னிப்பாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "அவ்வளவு தூரத்துல இருக்கறதையே அளக்கறீங்க, பக்கத்து வயக்காரன் வரப்பை எத்தனை அடி தள்ளியிருக்கான்னு சொல்லக் கூடாதா தம்பி?"

முக்காலி பறிபோனது

பொழுது சாயும் நேரம் தொலைநோக்கியின் முக்காலியை வரப்பில் ஊன்றினேன். எரிவாயுக் குழாய்க்காக வயல்களை அளக்க ஆட்கள் இதே மாதிரி முக்காலியோடு வந்துபோன காலம் அது. பத்து நிமிஷத்தில் விவசாயிகள் சங்கத்து ராஜேஸ்வரி அக்கா நாலு பேரோடு வந்து, யார் அனுப்பியது என்று கேட்டார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். அதுதான் தப்பு. பார்க்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்காமல் என் மென்பொருள் ஓடாது. திரையின் முதல் வரியே மாரிமுத்து வயல் இருக்கும் இடம்.

முக்காலி சங்க அலுவலகத்துக்குப் போயிற்று. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். இருபது வருஷம் இந்த வேலையில் இருப்பவனுக்கு, டீ. சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று கத்தினேன். அக்கா நிதானமாகச் சொன்னார்: "குழாய் போட வந்தவங்களும் இதையேதான் சார் சொன்னாங்க."

தீர்மானம்

மறுவாரம் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. ஒரே ஒரு சாயங்காலம் பார்க்கலாம். தொலைநோக்கியைத் தரைப்பக்கம் திருப்பக் கூடாது. சங்கத்து ஆள்தான் முதலில் பார்ப்பார். என் நட்சத்திரத்தை எனக்கு முன்னால் இன்னொருவரா? பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

குறித்த சாயங்காலம் அக்கா குனிந்து பார்த்தார். சின்னது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். கையை நீட்டினார். தொலைநோக்கி காட்டும் தலைகீழ்ப் பிம்பத்தைத் திருப்பிப் பார்த்தால், என் கணக்குச் சொன்ன பக்கம்! நான் குனிவதற்குள் மேகம் மூடியது. அந்த மாசி முழுக்க விலகவில்லை. பார்த்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரைத்தான் எழுதவேண்டும் என்று, வயிற்றெரிச்சலோடு, பதிவுத் தாளை நீட்டினேன். முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: "பேரை எழுதிக்குங்க சார். வயல் எங்க இருக்குன்னு போட்டிருக்கீங்களே, அதை மட்டும் அடிச்சிடுங்க."

ஆக, என் கணக்குச் சரி என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி, எங்கிருந்து பார்த்தார் என்று யாருக்கும் சொல்லக்கூடாத ஒரு சாட்சி.