சாம்பல்மேல் ஒரு ஞாயிறு

எதிர்வீட்டில் பழைய பனையோலையைக் கொளுத்தினார்கள். புகை மூக்கில் ஏறியதும், திண்டிவனத்துப் பக்கம் எங்கள் சேரியில் எட்டு வயதுப் பெண்ணாக நின்றேன்.

ஞானஸ்நானம் வாங்கிய அப்பா, பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்க மறுத்துவிட்டார். பண்ணை ஆட்கள் வந்து, ஓலை வேய்ந்த எங்கள் ஜெபவீட்டைக் கொளுத்தினார்கள்; அப்பாவின் வலக்கையை உலக்கையால் அடித்து ஒடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா அரிவாளை எடுத்தாள்.

"வெச்சிடு. பொறுத்துக்கினு இரு, கர்த்தர் உட மாட்டாரு" என்றார் அப்பா.

"எப்போ? இன்னொரு கையும் போன பொறவா?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாம்பல்மேல் உட்கார்ந்து ஜெபித்தோம். தொங்கும் கையைக் காட்டி அப்பா சொன்னார்: "இனிமே பறைக்கு யாரும் என்னக் கூப்பிட முடியாது. கர்த்தர் வழி பண்ணிட்டாரு."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் புகை உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்தினேன். நானும் இன்னும் சொல்லவில்லை.