ஜாஹிரா பீவியின் பிளாட்டினம்

தென்காசியில் தறிக்காரர் வீட்டில் பிறந்த ஜாஹிரா பீவி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். அதற்கு முன், கணவன் மசூது துபாயில் வண்டி ஓட்டிய காலமெல்லாம், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இலஞ்சி போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தாள். மசூது ஊரோடு வந்து, குற்றாலத்துக்கு வரும் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினான்.

அந்த வேனைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோன இடத்தில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. அங்கே திரையில் கார்பன் மோனாக்சைடின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பில் எத்தனையோ தடவை நடத்திய நச்சு வாயு அது. புகையைச் சுத்தம் செய்ய வண்டியின் புகைக்குழாயில் வைத்திருக்கும் பிளாட்டினம் அதை எப்படிப் பிடித்து மாற்றுகிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

அதையே ஆராய்ச்சியாக எடுத்து, தன் கல்லூரி ஆய்வகத்திலேயே வேலையைத் தொடங்கினாள். அலுமினா என்னும் வெள்ளைத் தூளின் மேல் பிளாட்டினத்தைக் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகப் பரப்புவாள். தூளை அழுத்தி மெல்லிய வில்லையாக்கி, காற்றுப் புகாத சிறு கூட்டுக்குள் வைத்து, மோனாக்சைடை உள்ளே விடுவாள். அது பிளாட்டினத்தின் மேல் போய் உட்காரும். ஒரு கருவியில் வைத்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், உட்கார்ந்திருக்கும் வாயு தன் பங்கு ஒளியை எடுத்துக்கொள்ளும். திரையில் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். ஒரே அணுவின் தலையில் உட்கார்ந்தால் ஓர் இடத்தில் மேடு, இரண்டு அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருந்தால் வேறோர் இடத்தில். பிறகு ஆக்சிஜனை விட்டுச் சூடாக்கினால் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறிக் கிளம்பிவிடும். அதற்கும் தனி மேடு உண்டு. எவ்வளவு குறைந்த சூட்டில் இது நடக்கும் என்பதே அவளுடைய கேள்வி.

மசூதிடம் இதைச் சொன்னபோது, சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜில் சிலர் ஒரு ரூம், சிலர் ரெண்டு ரூம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரிதானே என்றான். அது அவளுக்குப் பிடித்துப்போய் வகுப்பிலும் சொன்னாள்.

சாரல் விழத் தொடங்கியதும் வேறு தொல்லை வந்தது. அந்தக் கருவியில் ஒளி போகும் சன்னல்கள் உப்பால் ஆனவை. ஈரம் பட்டால் மங்கிவிடும். அதனால் அறையின் கதவு சன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு வேலை செய்தாள். வாயு வெளியேறத் தனிக் குழாய் கூரைக்குப் போனது. கசிந்தால் கத்தும் கருவியும் சுவரில் இருந்தது.

ஒருநாள் ஆக்சிஜனை விட்டுவிட்டுச் சூடாக்கும் முன்பே திரையைப் பார்த்தாள். கார்பன் டை ஆக்சைடின் மேடு எழும்பியிருந்தது. சூடே இல்லாமல் மாற்றம் நடக்கிறதா? துறைத்தலைவர் கைலாசத்தைக் கூப்பிட்டாள். அவரோடு இன்னும் நாலைந்து பேர் வந்து கருவியைச் சுற்றி நின்றார்கள். பார்க்கப் பார்க்க மேடு உயர்ந்தது. கைலாசம் அன்று மதியமே முதல்வரிடம் போய்ச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் டீயும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் வந்தன.

சாயங்காலம் மசூதின் வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் அவள் திரையில் பார்த்த அந்தப் படத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மோனாக்சைடின் மேடு கொஞ்சமும் குறையவில்லையே. அது மாறியிருந்தால் குறைந்திருக்க வேண்டுமே. அப்படியென்றால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வந்தது?

“என்னங்க, நாளைக்கு நீங்களும் லேப்புக்குள்ள வரணும்.”

“நான் வந்து என்ன செய்யப்போறேன்?”

“சும்மா நின்னு மூச்சு விட்டாப் போதும்.”

மறுநாள் காலையில் கூட்டையே கழற்றி எடுத்துவிட்டாள். பிளாட்டினமும் இல்லை, மோனாக்சைடும் இல்லை. ஆளில்லாத அறையின் காற்றை முதலில் பதிவு செய்துவிட்டு, மசூதைக் கருவியின் மூடி பக்கத்தில் நிறுத்தினாள். அவன் பயபக்தியோடு மூச்சு விட்டான். நேற்று பார்த்த அதே மேடு எழும்பியது.

“இது நானா?” என்று கேட்டான்.

“நீங்கதான்.”

அவன் திரையைப் போட்டோ எடுத்து துபாய்க் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். ஜாஹிராவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்து முடித்த பிறகுதான், கைலாசம் முதல்வர் வரைக்கும் சொல்லிவிட்டது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் நேரே போய்ச் சொன்னாள். சாத்திய அறையில் தானும் மற்றவர்களும் விட்ட மூச்சில் இருந்த கார்பன் டை ஆக்சைடு, கருவி மூடியின் தேய்ந்துபோன ரப்பர் வழியாக ஒளி போகும் பாதைக்குள் புகுந்திருக்கிறது என்று விளக்கினாள். கைலாசம் தோள் குலுங்கச் சிரித்தார்.

“பிரின்சிபால்ட்ட நானே சொல்லுதேன் மேடம். மூச்சு விட்டது நாங்கல்லா.”

ரப்பரை மாற்றி, கருவிக்குள் எந்நேரமும் உலர்ந்த நைட்ரஜன் ஓடும்படி செய்தார்கள். அதன் பிறகு வந்த படங்கள் சுத்தமாக இருந்தன. சூடு ஏற ஏற மோனாக்சைடின் மேடு தாழ்ந்தது, மற்றது உயர்ந்தது. பிளாட்டினத் துணுக்குகளின் அளவை மாற்றிப் பார்த்தபோது, வேண்டிய சூடு கொஞ்சம் குறையவும் செய்தது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் எத்தனை முறை செய்தாலும் அதேதான் வந்தது. ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டது.

வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியான அன்று, மசூது துறை ஆட்கள் எல்லாரையும் வேனில் ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். வெள்ளம் அதிகம் என்று போலீஸ்காரர்கள் குளிக்க விடவில்லை. யாருக்கும் வருத்தமில்லை. தெறிக்கும் சாரலில் நனைந்தபடி, கைலாசம் வாங்கிக் கொடுத்த மங்குஸ்தானை ஆளுக்கு ஒன்றாக உடைத்துத் தின்றுகொண்டு அங்கேயே நின்றார்கள்.