வாசிக்காமல் விட்ட வரிகள்

படப்பையில் என்னோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவளைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் யாரோ கொன்று போட்டிருந்தார்கள். யாரென்று போலீசுக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளுக்கு மட்டும் வாரம் ஒரு கொலைகாரன் கிடைத்தான். மூன்று வருடம் ஆகியும் ஷேர் ஆட்டோக்காரர்கள் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்து, "அந்தப் பொண்ணு இருந்த வூடு இதான்" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவ்வப்போது வருவார். பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்துவிட்டு, அந்த வாரப் பத்திரிகையோடு என்னிடம் வருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவளுடைய நடத்தையைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்த இடங்களை மட்டும் தாண்டிவிடுவேன்.

கடைசியாக வந்த அன்று அவர் என்னை இடையில் நிறுத்தினார்.

"விட்டதையும் வாசி, தாயி."

"நான் ஒண்ணும் விடலியே, மாமா."

"வார வழியில பஸ்ஸுல ஒருத்தன் சத்தமா வாசிச்சான். எல்லாரும் கேட்டாவ. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

வேறு வழியில்லாமல் வாசித்தேன். அவர் தரையைப் பார்த்தபடி முடியும்வரை கேட்டார்.

"யாரு செஞ்சான்னு இதுல போட்டிருக்கா?"

"இல்ல, மாமா."

அதன்பிறகு அவர் வரவில்லை. இறந்துவிட்டதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. அவருக்குப் பதிலாக நானே ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் வழக்கைப் பற்றிக் கேட்டேன். அங்கே புதிதாக வந்திருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எந்தப் பத்திரிகைம்மா?"

அவளோடு தங்கியிருந்தவள் என்றேன். ஃபைல் அங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.