செல்லியின் மலாய்ப் பேச்சுத் தேர்வு

கன்னியம்மாள் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தவள். போளூருக்குத் திரும்பியதும், மலேசியாவுக்கு வீட்டுவேலைக்குப் பெண்களை அனுப்பும் நிறுவனம் ஒன்று, ஜவ்வாது மலையில் மலாய் சொல்லித்தர அவளைச் சேர்த்துக்கொண்டது. பஸ் வராத நாளில் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு மலையேறுவாள்.

எழுப்பி நிற்கவைத்துக் கேட்டால் பெண்களுக்கு வாய் அடைத்துப்போகிறது என்பது முதல் வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டாள். ஒருத்தி வீட்டுக்காரி, இன்னொருத்தி வேலைக்காரி. கன்னியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று காதை மட்டும் கொடுப்பாள். நடுவில் தப்பு வந்தாலும் நிறுத்த மாட்டாள். கேட்டது புரிந்ததா, திக்கித் திணறியாவது சொல்லவந்ததைச் சொல்லிவிட்டாளா, அதற்குத்தான் மார்க். உச்சரிப்பெல்லாம் அப்புறம்.

செல்லிக்குத்தான் எப்போதும் முதல் மார்க். ஜோடியான காவியா, “மீன் வாங்கிட்டு வா” என்று மலாயில் சொன்னால், “எந்த மீனு? மழை வருதே, குடை இருக்கா?” என்று மலாயிலேயே திருப்பிக் கேட்பாள். வகுப்பே சிரிக்கும். புளியமரத்திலிருந்து விழுந்த புருஷன் வீரன் படுத்த படுக்கையாகிவிட்டதால், இந்த வேலையைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

கடைசித் தேர்வைச் சென்னையிலிருந்து வீடியோ காலில் நடத்தினார் நிறுவனத்தின் அதிகாரி தேவராஜ். செல்லியின் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

என்ன சமைக்கத் தெரியும் என்று மலாயில் கேட்டார். செல்லி பளிச்சென்று பதில் சொன்னாள். போனில் அவர் முகம் அசையாமல் நின்றது.

“இவங்களுக்குக் கேள்வி புரியலையா?”

“உடனே சொன்னாங்க சார். லைனுதான் இழுக்குது.”

“எனக்குக் கேக்கறத வச்சுத்தான் மார்க் போட முடியும், மேடம்.”

அதே கேள்வியை மறுபடி கேட்டார். தான் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்த செல்லி வார்த்தைகளை மாற்றினாள். அதுவும் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் முறை கேட்டபோது சரியான சொல்லை விட்டுவிட்டு, சம்பந்தமில்லாத ஒன்றைச் சொன்னாள். பிறகு கன்னியம்மாளைப் பார்த்தாள். எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அவ்வளவு பேசியவளின் வாயிலிருந்து மலாய் ஒவ்வொரு சொல்லாகக் கழன்று போவதை கன்னியம்மாளால் பார்க்கத்தான் முடிந்தது.

மறுநாள் முடிவு வந்தது. தேறியவர்களில் செல்லி பெயர் இல்லை. கன்னியம்மாள் தேவராஜுக்குப் போன் போட்டாள்.

“வகுப்புல நான் போட்ட மார்க்கைக் கொஞ்சம் பாருங்க சார். இன்னொரு தடவை கேளுங்க.”

“அது பயிற்சிக்கு மட்டுந்தான் மேடம். ரிசல்ட்டை மேல அனுப்பியாச்சு. அடுத்த பேட்ச் வந்தா பாக்கலாம்.”

“எப்ப சார் வரும்?”

“தெரியல.”

செல்லியின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். உள்ளே வீரன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நான் மொதல்ல சொன்னது தப்பா டீச்சர்?”

“தப்பே இல்ல.”

“அப்புறம் இன்னாத்துக்கு ஃபெயிலு?”

உள்ளேயிருந்து வீரன் மறுபடி கூப்பிட்டான். செல்லி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேறியவர்களுக்கு வகுப்பு தொடர்ந்தது. ஜோடி சேர்ந்தபோது காவியா மட்டும் தனியாக நின்றாள். எதிரில் செல்லி உட்காரும் நாற்காலியில் கன்னியம்மாளே போய் உட்கார்ந்தாள்.