பாப்பா பாதியில் விட்ட படங்கள்

பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், மாடி போர்ஷனில், ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதே நடந்தது. யாருக்கு நடந்ததோ அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்ல வராத பையன். அடுத்தவன் பொய் சொன்னாலும் கண்டுபிடிக்க வராத பையன். அதனால்தான் மாட்டிக்கொண்டான்.

பெயர் நிகில். சிறுசேரியில் மென்பொருள் வேலை. அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போது இவனும் விழித்திருக்க வேண்டும். காலையில் கம்பெனி வண்டி வாசலில் இறக்கிவிடும். தூங்கி எழுந்தால் மதியம் மூன்று மணி. இருட்டியதும் மறுபடி கிளம்ப வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்தப் பொழுதுதான் அவனுடைய வாழ்க்கை.

அந்தப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த சமயம் அது. நிச்சயதார்த்தம் முடிந்து, பத்திரிகையும் அடித்த பிறகு, பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்களின் வாய்க்குப் பயந்து நிகில் போனையே எடுப்பதில்லை. அம்மாவோ, எல்லாம் இவனால் வந்தது என்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆபீஸில் துக்கம் விசாரித்தவர்களும் சீக்கிரமே மறந்துபோனார்கள். மறக்காதவன் ஒருத்தன்தான். பக்கத்து சீட் மோகன்ராஜ். படப்பைக்காரன். நிலமெல்லாம் பிளாட்டாகிப்போன பழைய குடும்பம்.

“இன்னா மச்சான், மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? வூட்ல போயி படம் பாரு. நல்ல படமா நான் சொல்றேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. தன் வீட்டு ஓ.டி.டி. கணக்கின் பாஸ்வேர்டையே வாட்ஸப்பில் அனுப்பினான். ஒருத்தர் பணம் கட்ட, ஊரே உட்கார்ந்து பார்ப்பது நம்மிடம் புதிதா என்ன.

“கடைசியா பூனைப் படம் போட்டு ஒரு ப்ரொஃபைல் கீது பாரு. பாப்பான்னு பேரு. அதுல பாரு. யாரும் யூஸ் பண்றதில்ல.”

படத்துக்குப் படம், படப்பைக் கடையிலிருந்து காராசேவும் வாங்கிவந்து கொடுத்தான்.

“பொட்டலத்தோட துன்னாத. தட்டுல கொட்டி வை. பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வை. அப்பால உக்காரு. பாதில எழுந்து போவக் கூடாது, இன்னா?”

நிகிலுக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்கென்று இவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று நினைத்தான். அவன் அப்படி நினைத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பாப்பா என்றால் வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று எண்ணித்தான் அந்த ப்ரொஃபைலைத் திறந்தான். குழந்தைகள் படம் ஒன்றுகூட அதில் இல்லை. ‘தொடர்ந்து பார்க்க’ என்ற வரிசையில் மூன்று படங்கள் இருந்தன. மூன்றின் அடியிலும் சிவப்புக் கோடு பாதி வரை வந்து நின்றிருந்தது. மோகன்ராஜ் முதலில் பார்க்கச் சொன்ன படமும் அதில் ஒன்று. மாடு திருடப் போய்ச் சம்பந்தியாகிவிடும் இரண்டு பேரின் கதை.

நிகில் அதை முதலிலிருந்து போட்டான். திரைச்சீலையை இழுத்துவிட்டான். தட்டில் காராசேவு. பக்கத்தில் தண்ணீர். சோபாவில் சாய்ந்தான். ரொம்ப நாள் கழித்துச் சிரிப்புகூட வந்தது.

படம் பாதிக்கு வந்தது. சரியாக அந்தச் சிவப்புக் கோடு நின்றிருந்த இடம்.

மொறுக்.

நிகில் தன் கையைப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. வாயிலும் இல்லை.

மொறுக்... மொறுக்...

எலி என்று நினைத்து விளக்கைப் போட்டான். சத்தம் நின்றது. எலி எதுவும் ஓடவில்லை. படம் முடிந்தபோது தட்டு காலி. ஒரு பிடிதான் எடுத்தோம் என்று அவனுக்கு நினைப்பு. படம் பார்க்கிற சுவாரசியத்தில் தின்றிருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

அன்றிரவு ஆபீஸில் மோகன்ராஜ் கேட்டான்.

“முழுசா பாத்தியா?”

“ம்.”

“காராசேவு?”

“தீந்துடுச்சு.”

மோகன்ராஜ் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். படம் எப்படி இருந்தது என்று அவன் கேட்கவே இல்லை.

இரண்டாவது படம். அதே தட்டு, அதே டம்ளர். பாதி வரைக்கும் ஒன்றும் இல்லை. பாதிக்கு வந்ததும் சோபாவின் மறுமுனை மெல்ல அமுங்கியது. யாரோ காலை மடக்கி வசதியாக உட்கார்ந்த மாதிரி.

நிகில் திரும்பவில்லை.

படத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி. இவன் சிரிப்பதற்கு முன்னால் பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. சின்னச் சிரிப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தது.

அவன் படம் முடியும்வரை அசையவில்லை. பாதியில் எழுந்து போகக் கூடாது என்று நண்பன் சொன்னது காதிலேயே இருந்தது.

மறுநாள் மாடிப்படியில் வீட்டுக்காரம்மா ஜீவரத்தினம் வழிமறித்தார்.

“ஊர்லேருந்து தங்கச்சி வந்திருக்காளா தம்பி?”

“இல்லையே அக்கா.”

“பொண்ணு சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.”

“படத்துல வந்திருக்கும்.”

“நீங்க வண்டியேறிப் போன அப்புறமும் சிரிச்சுதே...”

இதை மோகன்ராஜிடம் சொன்னபோது அவன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. “தூக்கம் பத்தல மச்சான் உனக்கு” என்றான். பையிலிருந்து அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பெரிய பொட்டலம். “ஒரே ஒரு படம்தான் பாக்கி. முடிச்சிடு.”

யாருக்குப் பாக்கி என்று நிகில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாவது படத்தன்று மழை. மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. தட்டில் பாதிக் காராசேவைக் கொட்டிவிட்டு, மீதியை மடித்துச் சமையலறை அலமாரியில் வைத்தான்.

ஒரு பெண் ரயில் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருக்கும் கதை. பாதிப் படம் வரை காத்திருக்கிறாள். தூரத்தில் ரயில் வருகிறது. அவள் எழுந்து நிற்கிறாள். ரயில் நிற்கிறது. கதவு திறக்கிறது...

கரண்ட் போனது.

டி.வி. அணைந்தது. ஃபேன் நின்றது. மழைச் சத்தம் மட்டும்.

அது மட்டும் இல்லை.

மொறுக்... மொறுக்...

சோபா அமுங்கியிருந்தது. முன்பைவிடப் பக்கத்தில்.

“அப்புறம்?”

காதருகே. பெண் குரல்.

“வந்தானா?”

இருண்ட திரையையே பார்த்தபடி நிகில் சொன்னான். “தெ... தெரியாது...”

மொறுக் நின்றது.

“நீயும் எழுந்து போகப் போறியா?”

அவன் எழுந்தான்.

ஓடினான்.

செருப்பு போடவில்லை. கதவைச் சாத்தவில்லை. கீழே, மழையில் நின்றுகொண்டுதான் மோகன்ராஜுக்கு போன் போட்டான்.

“பாப்பா யாருடா?”

மோகன்ராஜ் குரலைத் தாழ்த்தினான்.

“தங்கச்சி. ஓவியா. வூட்ல பாப்பான்னுதான் கூப்புடுவோம். போன வருஷம் பூட்டா.”

“என்னை எதுக்குடா அவ ப்ரொஃபைல்ல உட்கார வச்ச?”

“கூட உக்காந்து படம் பாக்கறேன்னு சொல்வேன் மச்சான். பாதில எழுந்து பூடுவேன். நான் வர்ற வரைக்கும் படத்த நிறுத்தி வச்சிகினு உக்காந்திருப்பா. அப்டியே ஒருநாள் பூட்டா. அதுலேருந்து வூட்ல தெனம் அந்தச் சத்தம். படையல்ல அவங்களுக்குப் புடிச்சத வச்சி, ஒருத்தர் கூடவே உக்காந்து, பாதில வுட்டத முடிச்சிட்டா பூடுவாங்கன்னு ஊர்ல சொன்னாங்க...”

அப்போதுதான் நிகிலுக்குப் புரிந்தது. தட்டு. டம்ளரில் தண்ணீர். பிடித்த தின்பண்டம். பிடித்த படம். செத்தவர்களுக்கு நம் வீடுகளில் போடும் அதே படையல். எங்கே போடுகிறோமோ அங்கேதான் அவர்கள் வருவார்கள். அதை அவன் கையாலேயே, அவன் வீட்டிலேயே, அவனுக்குத் தெரியாமலே போட வைத்திருக்கிறான் ஒரு நண்பன்.

“நீ உட்கார வேண்டியதுதானேடா? உன் தங்கச்சிதானே?”

“எனக்கு பயம் மச்சான்.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“ஆபீஸ்ல மத்தவனுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள கீது...” மோகன்ராஜ் தயங்கினான். “உனக்குத்தான் யாரும் இல்லியே.”

பேயைவிட அந்த வார்த்தைதான் நிகிலை அடித்துப்போட்டது. பெண் வீட்டார் வேண்டாம் என்றபோதுகூட அவன் அழவில்லை. அன்று மழையில் நின்று அழுதான்.

சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று, நனைந்தபடியே தாம்பரம் போய், பஸ் மாறி, படப்பைக்குப் போனான். மோகன்ராஜின் அம்மா தையல்நாயகி கதவைத் திறந்தார். உள்ளே சுவரில் மாலை போட்ட படம். மடியில் பூனைக்குட்டியோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா துண்டை எடுத்துவந்து கொடுத்து, தலையைத் துவட்டச் சொன்னார். வாயில் வைத்திருந்த கேள்வியெல்லாம் நிகிலுக்கு மறந்துபோனது.

“பாப்பாவுக்குக் காராசேவுன்னா ரொம்பப் பிடிக்குமாம்மா?” என்று மட்டும் கேட்டான்.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உயிருப்பா. ஆனா அவளுக்கு கிட்னி போயிடுச்சு. உப்புக் கல்லு ஒண்ணு சேரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் உப்பில்லாமத்தான் ஆக்கிப் போட்டேன். அப்டியும் பூட்டா. போனப்புறம் மெத்தைய எடுத்துப் பாத்தா, அடியில அத்தினியும் காராசேவுப் பொட்டலம். எந்தப் பாவி வாங்கிக் குடுத்தான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல.”

சமையலறை வாசலில் மோகன்ராஜ் நின்றிருந்தான். நிகில் அவனைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான்.

ஒரு பொட்டலம் கையில் கொடுத்து, ஒரு படத்தைப் போட்டுவிட்டு, தான் நழுவிப்போக அவன் கண்டுபிடித்த வழி அது. தங்கைக்கும் அதே வழி. நண்பனுக்கும் அதே வழி. பெற்றவளிடம் அதைச் சொல்ல நிகிலுக்கு மனம் வரவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் மதியம். அவனே டி.வி.யைப் போட்டான். ஏன் என்று நான் கேட்டதற்கு, “அவளையும் என்னையும் ஏமாத்தினது ஒரே ஆள்தானே” என்றான். இந்த முறை தட்டு வைக்கவில்லை. சிவப்புக் கோட்டிலிருந்து படம் ஓடியது. ரயிலிலிருந்து யாரும் இறங்கவில்லை. அந்தப் பெண் கடைசிவரை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, தனியாக வீட்டுக்கு நடந்தாள். படம் முடிந்தது.

பக்கத்தில் சோபா அமுங்கியேதான் இருந்தது.

நிகில் திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“நான் கடைசி வரைக்கும் உட்காந்தேன். உன்னைப் பாதியில விட்டது நான் இல்லை. அவன் படப்பைலதான் இருக்கான்.”

சோபா... மெல்ல... மேலே வந்தது.

அன்றிரவு ஆபீஸுக்கு மோகன்ராஜ் வரவில்லை. காலையில் நிகில் வண்டியை விட்டு இறங்கியபோது ஜீவரத்தினம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி இல்லன்னு சொன்னீங்களே தம்பி. நேத்து நீங்க போனதும் ஒரு பொண்ணு மாடியிலேருந்து எறங்கிச்சே.”

“எந்தப் பொண்ணு அக்கா?”

“ஒடம்பு ஊதிப்போயி, மூச்சு வாங்குச்சு பாவம். படப்பை பஸ் எங்க நிக்கும்னு கேட்டுச்சு. தாம்பரம் வெஸ்ட்ல நிக்கும்மான்னு சொன்னேன். கையில காராசேவுப் பொட்டலம் வச்சிருந்துச்சு.”

ஜீவரத்தினம் கோலப்பொடியைக் கையிலிருந்து தட்டிவிட்டார்.

“அண்ணனுக்காம்.”

நிகில் மாடியேறிப் போய்ச் சமையலறை அலமாரியைத் திறந்தான். அவன் மடித்து வைத்த பொட்டலம் அங்கே இல்லை. போனைப் பார்த்தான். மோகன்ராஜிடமிருந்து விடாமல் மிஸ்டு கால். கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ். இரவு வந்தது. ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டதால் அவன் பார்க்கவில்லை.

“மச்சான்... கொஞ்சம் வூட்டுக்கு வாடா... சும்மா கூட உக்காரு, போதும்...”

அவன் குரலுக்குப் பின்னால், மிக அருகில்...

மொறுக்.

நிகில் அதை ஒரே ஒரு முறைதான் கேட்டான். திரும்பக் கூப்பிடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். நிச்சயம் முறிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன் என்று அவன் என்னிடம் சொன்னான்.