எங்களுக்கு என்ன குறைச்சல்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் பெற்றவர்கள் வைத்த பெயருக்கு மதிப்பே கிடையாது. சட்டையின் எந்தப் பாகத்தைத் தைக்கிறாயோ அதுதான் உன் பெயர். கழுத்துப் பட்டி தைப்பவள் காலர், பை தைப்பவள் பாக்கெட். கடைசி மேசையில் பட்டன் வைக்கும் இயந்திரத்தை ஓட்டியதால் இவள் பட்டன். சம்பளம் போடுகிற கணக்கருக்கு மட்டும் அவளுடைய உண்மைப் பெயர் தெரியும். அவரும் "என்ன பட்டன், சாப்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

அதற்கு முன்னால் அவள் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். உச்சந்தலையில் முடி தேய்ந்துபோன இடம் ஒன்று உண்டு, மறைத்து வாரிக்கொள்வாள். புருஷன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து படுத்துவிட்ட வருடத்தில்தான் தொழிற்சாலை வந்தது. அவள் தலைச்சுமை இறங்கியது. மகள் பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பெண்ணின் படிப்பு முழுவதும் அந்த ஒரு இயந்திரத்தை நம்பித்தான் நடந்தது.

தொழிற்சாலை ஏன் வந்தது என்பதை மேலாளர் கூட்டம் போடும்போதெல்லாம் சொல்வார். "வெளிநாட்டுக்காரங்க நம்ம சட்டைக்கு வரி போடறதில்ல. ஏன்னா நாம ஏழை நாடு. அந்தப் பட்டியல்ல இருக்கற வரைக்கும் நமக்கு வேலை இருக்கும்."

"ஏழையா இருக்கறதுல இப்படி ஒரு லாபம் இருக்குன்னு எங்கப்பனுக்குத் தெரியாம போச்சே" என்றாள் காலர். எல்லோரும் சிரித்தார்கள். பட்டன்தான் அதிகம் சிரித்தாள். காலர் அவளுக்கு அடுத்த அறைக்காரி, உயிர்த்தோழி.

உலக வாணிபத்தால் ஏழைகளின் வாழ்வு எப்படி உயர்கிறது என்று ஆராய்கிற ஏதோ ஒரு பெரிய அமைப்பிலிருந்து ஒரு அம்மாள் வந்தபோது, மேலாளர் பட்டனின் வீட்டைத்தான் காட்டுவதாக ஏற்பாடு. முதல் நாளே வரிசையில் இருந்த எல்லா அறைகளும் காலியாகி, பட்டனின் ஒற்றை அறை நிரம்பியது. பாக்கெட் நாற்காலிகளைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி திரைச்சீலை கொடுத்தாள். கூரை ஒழுகி ஊறிப்போன சுவரை அது நன்றாக மறைத்தது. இடுப்பு ஒடிந்த புருஷனைப் பாயோடு சேர்த்துப் பாக்கெட்டின் அறைக்கு மாற்றினார்கள். "விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டுக்காரன வெளிய போடற வீடு இதுதான்டி" என்று அவர் முனகிக்கொண்டே போனார்.

காலர் தன் ஃபிரிட்ஜையே கொடுத்தாள். நான்கு பெண்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். அது குளிர்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. எலி ஏறாத அலமாரி என்று சொல்லி, காலர் அதில் துணிமணிகளை மடித்து வைத்திருந்தாள். துணியோடேயே வந்து நின்றது.

வந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபிரிட்ஜைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "மேடத்துக்குக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். பட்டன் சட்டென்று ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"பொண்ணுக்குச் சளிங்க. அதனால குளிர்ந்த தண்ணியே வைக்கறதில்ல."

மகள் கெட்டிக்காரி. உடனே இருமினாள். வாசலில் நின்ற காலர் சிரிப்பை அடக்க முடியாமல் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

கடைசியாக அந்தக் கேள்வி வந்தது. இன்னும் வாழ்க்கையில் என்னென்ன குறை இருக்கிறது?

"எங்களுக்கு என்னங்க குறைச்சல்? நல்லாதான் இருக்கோம்" என்றாள் பட்டன்.

வேறு எப்படிச் சொல்வாள்? வீடு தேடி வந்தவர்களிடம் பஞ்சப்பாட்டு பாடுவது கையேந்துவதற்குச் சமம் என்று வளர்ந்தவள் அவள். அந்த வரிசையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஃபிரிட்ஜ் பக்கத்தில் அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்த படம், பளபளப்பான ஒரு புத்தகத்தில் வந்தது. வறுமையை வென்றவர் என்று கீழே போட்டிருந்ததாம். மேலாளர் அதைப் பெரிதாக்கித் தொழிற்சாலை வாசலில் மாட்டினார். "என் ஃபிரிட்ஜ் படத்துல யாருடி குறுக்க நிக்கறது?" என்று காலர் தினமும் வம்புக்கு இழுத்தாள். திரும்பத் தூக்கிப் போக யாருக்கும் தெம்பில்லாததால் ஃபிரிட்ஜ் பட்டன் வீட்டிலேயே நின்றுவிட்டது. காலர் காலையில் துணி எடுக்க வருவாள், ஒரு பாட்டம் ஊர்வம்பு பேசிவிட்டுத்தான் போவாள்.

சில வருடங்கள் கழித்து நாடு ஏழைப் பட்டியலிலிருந்து உயர்ந்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். தொழிற்சாலையில் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். மேலாளர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

கொஞ்ச காலம் அவகாசம் இருந்தது. அது முடிந்ததும் சட்டைக்கு வரி வந்தது. சட்டை வாங்குகிறவர்கள், வரி எவ்வளவோ அவ்வளவு விலையைக் குறை என்றார்கள். மேலாளர் முடிந்தவரை குறைத்தார். முதலில் விளக்குகளைக் குறைத்தார், பிறகு தேநீரை, பிறகு ஆட்களை. இதற்கு மேல் குறைக்க ஒன்றும் இல்லை என்றபோது, வாங்குகிறவர்கள் இன்னும் ஏழையாகவே இருக்கிற வேறொரு நாட்டைத் தேடிப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று மேலாளர் சொன்னார். பிறகு யாரைச் சொல்வது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ கேட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

சட்டை தைப்பதில் காலர் முன்னால், பட்டன் கடைசி. மூடும்போதும் அதே வரிசையில்தான் மூடினார்கள். வெளியேறிய அன்று காலர் வாசலில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றாள்.

"நீ அன்னைக்கு ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பட்டன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். காலர் சிரிக்கவில்லை.

"நாங்க கஷ்டப்படறோம்னு சொல்ல வாய் வலிச்சுதா? பெரிய மகாராணி! எல்லாத்தையும் சிரிச்சே கெடுத்துட்டே."

அதற்குப் பிறகும் சில நாட்கள் பட்டனுக்கு வேலை இருந்தது. காலர் தைத்துவிட்டுப் போன கழுத்துகள் ஒவ்வொன்றாக அவளுடைய மேசைக்கு வந்தன. அந்தத் தையலை அவளால் இருட்டில்கூட அடையாளம் சொல்ல முடியும். கண்ணீர் வெள்ளைத் துணியில் விழுந்தால் கறையாகிவிடும் என்பதால் முழங்கையால் துடைத்துத் துடைத்து வேலை செய்தாள். கடைசிச் சட்டைக்குக் கடைசிப் பட்டனை வைத்ததும் அவளையும் அனுப்பிவிட்டார்கள்.

காலர் ஃபிரிட்ஜில் இருந்த தன் துணிகளை ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனாள். காலை வம்பு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் பட்டன் வந்தால் பேச்சு நின்றது.

தாங்க முடியாமல் ஒருநாள் கணக்கரை வழியில் மறித்தாள். "ஐயா, நான் அப்படிச் சொன்னதாலதான் நம்ம நாட்டைப் பட்டியல்லேருந்து எடுத்துட்டாங்களா?"

கணக்கர் நல்ல மனிதர்தான். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அட, போம்மா. நாட்டோட மொத்த வருமானம், படிப்பு, ஆரோக்கியம் எல்லாம் பார்த்துச் செய்யறது அது. உங்க வீட்ட எல்லாம் யாரு கணக்குல எடுத்தா?"

அவளுக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தான் சொன்னதுதான் காரணம் என்றால், தான் சொன்னதை யாரோ காதில் வாங்கியிருக்கிறார்கள் என்றாவது ஆகும். யாருமே வாங்கவில்லை என்பது அவளுக்கு அதைவிடப் பெரிய அடியாக இருந்தது. செங்கல் சுமக்கத் திரும்பிப் போனாள். தலை பழைய இடத்திலேயே மறுபடி தேய்ந்தது.

அந்த மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அம்மாள் வரவில்லை, ஓர் இளைஞர் வந்திருந்தார். வரிச் சலுகை போன பிறகு மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். முன்கூட்டிச் சொல்லவில்லை. நாற்காலி இல்லை, திரைச்சீலை இல்லை. புருஷன் மூலையில் பாயில் கிடந்தார். அதே நேரத்தில் காலரும் உள்ளே இருந்தாள். ஃபிரிட்ஜை விற்பதற்காக, பழைய சாமான் வாங்குகிறவரைத் தள்ளுவண்டியோடு தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். பட்டனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"இப்ப எப்படி இருக்கீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பட்டன் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காலரின் பார்வை முதுகில் குத்தியது.

"நல்லா இல்லைங்க" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்தது. "வேலை போச்சு. ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. பொண்ணு படிப்ப நிறுத்திட்டேன், என்கூட மண்ணு சுமக்க வர்றா. இவருக்கு மருந்து வாங்கி மாசக்கணக்காச்சு."

அவமானத்தில் அவள் காது சிவந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் இளைஞருக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. அவர் பரிதாபமாகக் காலரைப் பார்த்தார். "நீங்களும் அங்கதானே வேலை செஞ்சீங்க? உங்க நிலைமையும் இப்படித்தானா?" என்று கேள்வி வந்தது.

அந்தப் பரிதாபப் பார்வை காலரின் மேல் பட்டதுதான் தாமதம். அவள் முந்தானையை இழுத்து நிமிர்ந்து நின்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"அவ கொஞ்சம் கூட்டிச் சொல்றா. எங்களுக்கு என்னங்க குறைச்சல்? நல்லாதான் இருக்கோம்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். இளைஞருக்கு முகம் தெளிந்தது. எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டு இருவரும் போனார்கள்.

காலர் ஃபிரிட்ஜில் சாய்ந்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"வாய்ல வந்துடுச்சுடி" என்றாள். "நான் நினைச்சுச் சொல்லல. தானா வந்துடுச்சு."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் வந்துச்சு" என்றாள் பட்டன்.

காலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தெருமுனையிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அன்றைக்குத் துணியோடு சேர்த்துத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. இப்போது உள்ளே ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரே போதுமாக இருந்தது.