ஈயம் வைத்த கொப்பரை

என் மதினி அடுப்பின் வாய்க்கு எதிரே குழிக்குள் உட்கார்ந்து கரும்புச் சக்கையை உள்ளே தள்ளுவார். மேலே கொப்பரையில் சாறு எப்படிக் கொதிக்கிறதென்று அங்கிருந்து தெரியாது. சத்தத்தைக் கேட்டே, எப்போது அள்ளிப் போடுவது, எப்போது சும்மா இருப்பது என்று கணித்துவிடுவார். அனுமந்தன்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அவர் வந்தால்தான் அடுப்பையே மூட்டுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பொறாமை. கொல்லனான என்னை யாரும் அப்படித் தேடியதில்லை.

மலைமேல் பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம். என்னோடு பட்டறையில் இருந்த அண்ணனும் அந்த வேலைக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து ஆலைக்காரர் ஒருவரின் கொப்பரையில் அடித்தகட்டு ஆணி ஒன்று கழன்று ஒழுகியது. கொப்பரைத் தகடுகளைத் தறையாணியால்தான் இணைப்போம். ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் செருகி, ஒருவர் அடியில் சம்மட்டியை முட்டுக்கொடுக்க, மற்றவர் மேலே அடித்து நசுக்க வேண்டும். முட்டுக்கொடுக்க அண்ணன் இல்லை. பிழிந்த சாறோ பானை பானையாகக் காத்திருந்தது, விட்டால் புளித்துவிடும். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். தனியாளாக முடித்துக் காட்டுகிறேன் என்ற வீம்பில், துளையில் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்தேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டவில்லை. ஆணி அடித்துவிட்டதாகவே எல்லோரிடமும் சொன்னேன்.

சாறு இருந்தவரை ஈயமும் இருந்தது. முதல் பாகை அள்ளியெடுத்த பிறகு, வெறும் கொப்பரை தணலின் மேல் காய்ந்த சற்று நேரத்தில் உருகி விழுந்துவிட்டது. அடுத்த சாற்றை ஊற்றியதும் அது தணலில் கொட்டி, ஆவியும் சாம்பலுமாக அடுப்பு வாய் வழியே சீறியது. மதினியின் வலக்கை முழங்கை வரை வெந்துபோனது.

எல்லோரும் ஓடிவந்தபோது அவரே சொன்னார்: "யாரையும் வைய வேணாம். சக்கைய அளவில்லாம அள்ளிப்போட்டு ஆணியக் கழல வச்சது நாந்தேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். சாம்பலில் கிடந்த ஈயக்கட்டியை யாரும் பார்க்காமல் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

அந்தத் தவசுகால நோன்பு நாட்களில் வேதக்கோயிலுக்குப் போய், சாமியாரிடம் என் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அந்த அம்மாளிடம் போய்ச் சொல்" என்றார் சாமியார். ஆண்டவரே மன்னித்த பிறகு மதினியிடம் வேறு சொல்ல வேண்டுமா என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அடுத்த வெல்லக் காலத்தில் மதினிக்குக் கை ஆறியிருந்தது. ஆனால் பயந்து பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சக்கையைத் தள்ளினார். பாகு பதத்துக்கு வரவில்லை. வெல்லம் இறுகாமல் பிசுபிசுத்தது. இரண்டு முறை பொறுத்துக்கொண்ட ஆலைக்காரர் மூன்றாம் முறை வேறு ஆளை வைத்துவிட்டார். மதினி களையெடுக்கும் கூலிக்குப் போனார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வயலுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டு வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, கை வெந்ததுக்கு நான் ஒரு நாளு அழல. எனக்குத் தீப்போடத் தெரியலையேன்னு வருசம் பூரா அழுதேன். நீ பார்த்துக்கிட்டுத்தான இருந்த?"

பிறகு ஆலைக்காரரிடமும் சொன்னேன். அவர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மதினி போகவில்லை.

இன்று பெரியாற்றுத் தண்ணீர் வந்து கரும்பு பெருகிவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் அடுப்பு எரிகிறது. மதினி என் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளைக் கொஞ்சுகிறார். என்னைத் தம்பி என்று மட்டும் கூப்பிடுவதில்லை.